கம்பிவழி, கம்பியில்லாத் துணைவலைகளுக்கு இடையிலான வழிப்படுத்தல்

கம்பிவழி, கம்பியில்லாத் துணைவலைகளுக்கு இடையிலான வழிப்படுத்தல் என்பது, ஒரே வீட்டில் அல்லது சிறு அலுவலகத்தில் ஈதர்நெட் கம்பியால் இணைந்த கருவிகள் ஒரு முகவரி வரிசையிலும், வை-ஃபை மூலம் இணைந்த கருவிகள் மற்றொரு முகவரி வரிசையிலும் இருக்கும்போது, அவ்விரண்டுக்கும் இடையே தரவுப் பொதிகளைச் சரியான பாதையில் அனுப்பும் செயலாகும். இப்பணியைச் செய்யும் கருவி திசைவி எனப்படும். பேச்சு வழக்கில் ரூட்டர் என்பர்.

பெரும்பாலான வீடுகளில் இந்தச் சிக்கலே எழுவதில்லை. கடையில் வாங்கும் வீட்டுத் திசைவி தன் கம்பித் துளைகளையும் வை-ஃபையையும் உள்ளுக்குள்ளேயே ஒரே துணைவலையாக இணைத்துவிடுகிறது. வீட்டில் இரண்டாவது திசைவி சேர்க்கப்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அப்போது கைப்பேசியில் இணையம் வரும். ஆனால் அச்சுப்பொறி கிடைக்காது. அல்லது மாடியிலிருந்து கீழ்த்தளக் கணினியை அணுக முடியும். கீழிருந்து மேலே அணுக முடியாது. இத்தகைய அரைகுறை இணைப்புகளின் காரணத்தை அறிவதே இங்கு விளக்கப்படும் பழுதறிதல் ஆகும்.

பின்னணி

இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பில் ஒவ்வொரு முகவரியும் 32 பிட்டுகள் கொண்டது. ஒரு பெரிய வலையமைப்பைச் சிறு துணைவலைகளாகப் பிரிக்கும் முறை 1985 ஆகத்தில் ஆர்எஃப்சி 950 என்னும் ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது. வீடுகளிலும் அலுவலகங்களிலும் கட்டணமின்றி எவரும் பயன்படுத்தத்தக்க தனியார் முகவரிகள் 1996 பெப்ரவரியில் ஆர்எஃப்சி 1918 மூலம் ஒதுக்கப்பட்டன. 10 எனத் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை, 192.168 எனத் தொடங்குபவை என இவை மூவகை. கம்பியில்லா வலையமைப்புக்கான 802.11 என்னும் சீர்தரம் 1997இல் வெளியானது.

இந்தியாவில் வீட்டு வலையமைப்பு பரவியதற்கு இரண்டு அரசு முடிவுகள் வழிவகுத்தன. 2004ஆம் ஆண்டின் அகலப்பட்டைக் கொள்கை முதலாவது. அது நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தை அகலப்பட்டையின் கீழ்வரம்பாக வைத்தது. 2005 சனவரியில் 2.4 கிகாஹெர்ட்சு அலைவரிசையை உரிமமின்றிப் பயன்படுத்த அளித்த இசைவு இரண்டாவது. 5 கிகாஹெர்ட்சு பகுதியில் விரிவான விலக்கு 2018இல்தான் வந்தது.

தமிழ்நாட்டு ஊரகங்களில் கம்பியும் கம்பியில்லா இணைப்பும் கலந்து நிற்பது புதிதன்று. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் டெனெட் குழு உருவாக்கிய கார்டெக்ட், வீட்டுச் சுவரில் பொருத்திய பெட்டி வரை கம்பியின்றியும் அதன்பின் கம்பி வழியாகவும் தொலைபேசியையும் இணையத்தையும் கொண்டு சேர்த்தது. பின்னர் கண்ணாடி இழை வந்தது. நடுவண் அரசு 2011 அக்டோபரில் ஒப்புதல் அளித்த தேசிய கண்ணாடியிழை வலையமைப்புத் திட்டம் பிறகு பாரத்நெட் எனப் பெயர் மாறியது. அதன் இரண்டாம் கட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்திடம் (டான்ஃபிநெட்) ஒப்படைக்கப்பட்டது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் கைப்பேசிக்கு இடம்பெயர்ந்தபின், வீட்டின் எல்லா அறைகளிலும் வை-ஃபை எட்டவேண்டும் என்ற தேவை கூடியது. வீடுகளுக்குள் இரண்டாவது திசைவி புகுந்ததற்கு அத்தேவையும் ஒரு காரணமாகும்.

துணைவலையும் மறைப்பானும்

ஒரு கருவி தன் பொதியை அனுப்புமுன் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே: சேரவேண்டிய முகவரி என் துணைவலைக்குள் உள்ளதா, வெளியே உள்ளதா? இதற்கு விடை தருவது சப்நெட் மாஸ்க் எனப்படும் துணைவலை மறைப்பான். மறைப்பான் 255.255.255.0 என்றால் முகவரியின் முதல் மூன்று எண்களும் ஒத்திருக்கவேண்டும். 192.168.1.10 உடைய கணினிக்கு 192.168.1.20 உள்ளே உள்ளது; 192.168.2.15 வெளியே உள்ளது.

உள்ளே உள்ள முகவரி எனில், அந்த முகவரிக்கு உரியவர் யார் எனக் கணினி தன் துணைவலை முழுவதற்கும் உரக்கக் கேட்கும். இக்கேள்வியை ஆர்ப் எனப்படும் முகவரி கண்டறியும் நெறிமுறை (1982) வகுத்துள்ளது. வெளியே உள்ள முகவரி எனில், பொதி இயல்புநிலை நுழைவாயிலான திசைவியிடம் ஒப்படைக்கப்படும். அதன்பின் அப்பொதியின் போக்கு கணினியின் கையில் இல்லை. திசைவி தன் வழிப்பட்டியலைப் பார்த்து, மிகக் குறுகிய பொருத்தமான வரிசை எதுவோ அவ்வழியில் அனுப்பும். எதுவும் பொருந்தாவிடில் இணையச் சேவை வழங்குநரை நோக்கித் தள்ளிவிடும்.

மறைப்பானைத் தவறாக இடுவது கண்ணுக்குப் புலப்படாத பிழைகளுள் ஒன்று. மேற்கண்ட கணினியில் 255.255.0.0 என இட்டால் 192.168.2.15 உள்ளேயே இருப்பதாக அது கருதும். திசைவியிடம் போகாமல் ஆர்ப் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கும். மறுபக்கத்திலுள்ள கருவிக்கு அக்கேள்வி எட்டாது. இணையமோ வழக்கம்போல வேலை செய்யும். ஆகவே மறைப்பானை எவரும் ஐயுறுவதில்லை.

வீட்டில் இரண்டு துணைவலைகள் தோன்றும் விதம்

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ராஜகுளம், உத்திரமேரூர் போன்ற ஊர்களில் அமையக்கூடிய ஒரு வீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கீழே கடை, மேலே குடியிருப்பு. கண்ணாடி இழை கீழ்த்தளத்தில் ஒரு மோடப்பெட்டியில் முடிகிறது. அதன் முகவரி 192.168.1.1. கடையின் பில் போடும் கணினி (192.168.1.10), அச்சுப்பொறி (192.168.1.20), கண்காணிப்புக் கேமராவின் பதிவுப்பெட்டி ஆகியவை கம்பியால் அதனுடன் இணைந்துள்ளன. காங்கிரீட் தளத்தைத் தாண்டி அலை எட்டாததால், மாடியில் மற்றொரு திசைவி வைக்கப்படுகிறது. கீழிருந்து வரும் கம்பியை அதன் வான் என்று குறிக்கப்பட்ட துளையில் செருகுகின்றனர். அத்துளைக்கு 192.168.1.2 என்ற முகவரி கிடைக்கிறது. மாடியின் வை-ஃபை கருவிகளுக்கு அத்திசைவி 192.168.2 வரிசையில் முகவரி வழங்குகிறது.

இதனால் எவரும் திட்டமிடாமலே இரண்டு துணைவலைகள் உருவாகிவிட்டன. மாடித் திசைவி நாட் எனப்படும் முகவரி மாற்றத்தையும் இயல்பாகவே செய்கிறது. முகவரித் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1994இல் முன்வைக்கப்பட்ட இந்த முறையில், உள்ளிருந்து செல்லும் பொதிகளின் அனுப்புநர் முகவரி திசைவியின் சொந்த முகவரியாக மாற்றப்படுகிறது. மாடியிலுள்ள கைப்பேசி அச்சுப்பொறிக்கு அனுப்பும் பொதி, 192.168.1.2 அனுப்பியதுபோல் தோன்றும். அச்சுப்பொறி அதற்கே பதில் தரும். திசைவி அதைக் கைப்பேசியிடம் சேர்க்கும். எதிர்த்திசையில் நிலைமை வேறு. பில் கணினி 192.168.2.15 என்ற மாடிக் கருவிக்கு அனுப்பும் பொதி கீழ்த்தளப் பெட்டிக்குச் செல்லும். அப்பெட்டிக்கு 192.168.2 என்ற வரிசை எங்குள்ளது எனத் தெரியாது. அது பொதியைச் சேவை வழங்குநரை நோக்கி அனுப்ப, தனியார் முகவரி என்பதால் அங்கு அது கைவிடப்படும். ஒருவழிப் பாதைபோல் இணைப்பு நடந்துகொள்வதன் காரணம் இதுவே.

விருந்தினர் வை-ஃபை என்னும் வசதியை இயக்கினாலும் இரண்டாவது துணைவலை தோன்றும். அங்கு இரண்டுக்கும் இடையே தொடர்பு இல்லாதிருப்பது பழுதன்று; அதுவே அதன் நோக்கம். இதை அறியாமல் விருந்தினர் வலையில் இணைந்துகொண்டு அச்சுப்பொறியைத் தேடுவோர் பலர்.

பழுதறியும் வரிசை

பழுதறிதலில் பயன்படும் முதன்மைக் கருவி பிங் என்னும் சிறு நிரல். அமெரிக்கரான மைக் மூசு இதனை 1983 திசம்பரில் எழுதினார். ஒரு முகவரிக்கு எதிரொலிக் கோரிக்கையை அனுப்பி, பதில் வருகிறதா எனப் பார்ப்பதே இதன் பணி. அருகிலிருந்து தொடங்கி ஒவ்வோர் அடியாகத் தொலைவுக்குச் செல்வதே முறை. நேரடியாக மறுமுனையைச் சோதித்து, பதில் வரவில்லை என்று அமைப்புகளை மாற்றத் தொடங்குவது பழுதை இரட்டிப்பாக்கும்.

முதலில் கருவியின் சொந்த முகவரியைப் பார்க்கவேண்டும். விண்டோசில் ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையும், லினக்சில் ஐபி அட்ரஸ் என்ற கட்டளையும் இதைக் காட்டும். முகவரி 169.254 எனத் தொடங்கினால் வழிப்படுத்தலைப் பற்றிப் பேச இடமே இல்லை. முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவையை அக்கருவி எட்டவில்லை என்பதும், கருவி தானே ஒரு முகவரியைச் சூட்டிக்கொண்டது என்பதும் அதன் பொருள்.

முகவரி சரியெனில், மாடிக் கருவியிலிருந்து 192.168.2.1, 192.168.1.2, 192.168.1.1, 192.168.1.20 ஆகியவற்றை இதே வரிசையில் பிங் செய்யவேண்டும். முதல் இரண்டு முகவரிகளும் மாடித் திசைவியின் இரு பக்கங்களுக்கு உரியவை. எனவே இரண்டாவதற்குப் பதில் கிடைப்பதால் கம்பியின் நலம் உறுதியாகாது. மூன்றாவதற்குப் பதில் வந்தால்தான் உறுதியாகும். மூன்றாவது கிடைத்து நான்காவது கிடைக்கவில்லை எனில் அச்சுப்பொறியின் பதில் திரும்பும் பாதையைப் பார்க்கவேண்டும்.

பதில் இல்லாமையிலும் வகைகள் உண்டு. சேரிடத்தை அடைய முடியவில்லை என்ற செய்தி தன் சொந்த முகவரியிலிருந்தே வந்தால், ஆர்ப் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை என்பது பொருள். அதே செய்தி ஒரு திசைவியின் முகவரியிலிருந்து வந்தால், அத்திசைவி வரை பாதை நலமாக உள்ளது; சிக்கல் அதற்கப்பால். நேரம் முடிந்தது என்ற செய்தி மட்டும் வந்தால் பொதி எங்கோ ஓசையின்றிக் கைவிடப்பட்டது அல்லது பதில் வழி தவறியது. மூன்றாவது வகையே மிகுந்த நேரத்தை விழுங்குவது.

பதிலில் காணப்படும் டிடிஎல் என்ற எண்ணும் பயன் தரும். லினக்சு, ஆண்ட்ராய்டு கருவிகள் பொதுவாக 64 என்றும் விண்டோசு 128 என்றும் இவ்வெண்ணைத் தொடங்குகின்றன. ஒவ்வொரு திசைவியும் ஒன்றைக் கழிக்கிறது. 63 அல்லது 127 எனக் காட்டினால் பதில் ஒரு திசைவியைக் கடந்து வந்துள்ளது. 64 எனக் காட்டினால் இரண்டு கருவிகளும் உண்மையில் ஒரே துணைவலையில் உள்ளன. இரண்டு துணைவலைகள் என்று கருதியதே தவறு. டிரேஸ்ரூட் என்ற நிரல் (விண்டோசில் டிரேசர்ட்) இதே எண்ணை 1, 2, 3 எனத் தொடங்கி அனுப்பி, ஒவ்வொரு திசைவியும் எங்கே பொதியைக் கைவிடுகிறது எனக் கேட்டு வழியை வரைகிறது. வீட்டுக்குள் செல்லவேண்டிய பொதி சேவை வழங்குநரின் முகவரியைத் தொட்டுச் செல்வதை அது காட்டினால், வழிப்பட்டியலில் ஒரு வரி விடுபட்டுள்ளது என உடனே துணியலாம்.

திரும்பும் வழி

வழிப்படுத்தல் பழுதுகளில் மிகுதியானவை போகும் வழியில் இல்லை. திரும்பும் வழியில் உள்ளன. ஒவ்வொரு பொதியும் தனித்தனியே வழிகாணும். போன பாதையிலேயே பதில் திரும்பும் என்பதற்கு இணைய நெறிமுறையில் எவ்வித உறுதியும் இல்லை.

இரண்டு அடுக்கு முகவரி மாற்றம் நல்லதன்று எனக் கேள்வியுற்று மாடித் திசைவியில் அதை அணைத்துவிடுவோர் உடனே இதைச் சந்திப்பர். அணைத்தபின் கைப்பேசியின் பொதிகள் 192.168.2.15 என்ற உண்மை முகவரியுடன் அச்சுப்பொறியை அடைகின்றன. அச்சுப்பொறி பதிலைத் தன் நுழைவாயிலான 192.168.1.1இடம் தருகிறது. அதற்கு வழி தெரியாததால் பதில் வெளியே போய் அழிகிறது. இணையத்திலிருந்து வரும் பதிலுக்கும் இதே கதி. மாடி முழுவதும் இணையம் நின்றுவிடும்.

தீர்வு, கீழ்த்தளப் பெட்டியில் நிலைவழி ஒன்றைச் சேர்ப்பதாகும்: சேரிடம் 192.168.2.0, மறைப்பான் 255.255.255.0, அடுத்த படி 192.168.1.2. அடுத்த படியாக 192.168.2.1ஐ எழுதுவது அடிக்கடி நேரும் பிழை. அது மாடித் திசைவியின் மறுபக்கம். கீழ்த்தளப் பெட்டியால் அதை நேரே தொட முடியாது. அடுத்த படி எப்போதும் தன் துணைவலைக்குள்ளேயே இருக்கவேண்டும்.

இதைச் செய்தபின் வீட்டுக்குள் எல்லாம் கிடைத்து, மாடியில் இணையம் மட்டும் வராமலிருந்தால், கீழ்த்தளப் பெட்டி 192.168.1 வரிசைக்கு மட்டுமே முகவரி மாற்றம் செய்கிறது எனலாம். சேவை வழங்குநர் தரும் சில பெட்டிகளில் இதை மாற்றவோ, நிலைவழியைச் சேர்க்கவோ பயனருக்கு உரிமை இராது. அத்தகைய வீடுகளில் மாடித் திசைவியின் முகவரி மாற்றத்தை மீண்டும் இயக்கிவிட்டு, தேவையான துளைகளை மட்டும் திறந்துவைப்பதே நடைமுறைக்கு ஒத்தது. அல்லது மாடித் திசைவியை வெறும் அணுக்கப் புள்ளியாக மாற்றி, இரண்டு துணைவலைகளையும் ஒன்றாக்கிவிடலாம். தனி வரிசைக்குத் தக்க காரணம் இல்லாத வீட்டில் இந்தக் கடைசி முறையே சிறந்தது.

அணுக்கப் புள்ளியாக மாற்றும்போது கம்பியை வான் துளையிலிருந்து எடுத்து லான் துளையில் செருகுவர். மாடித் திசைவியின் டிஎச்சிபி சேவையை முதலில் அணைக்காமல் இதைச் செய்தால் ஒரே வலையில் இரண்டு கருவிகள் முகவரி வழங்கத் தொடங்கும். எந்தப் பதில் முந்துகிறதோ அதைக் கருவிகள் ஏற்கும். காலையில் வேலை செய்த கணினி மாலையில் செய்யாது. இப்பழுதின் வேர் தெரியாமல் கம்பிகளை மாற்றிக்கொண்டிருப்பது வழக்கமான காட்சி.

சமச்சீரற்ற பாதை

நிலைவழி சரியாக இருந்தும், பிங் மட்டும் வேலை செய்து, பக்கங்களோ கோப்புகளோ திறக்காத நிலை உண்டு. பில் கணினியிலிருந்து மாடிக் கருவிக்குச் செல்லும் பொதி கீழ்த்தளப் பெட்டி வழியாக மாடித் திசைவிக்குப் போகிறது. பதிலோ கீழ்த்தளப் பெட்டியைத் தொடுவதில்லை. மாடித் திசைவியின் ஒரு பக்கம் 192.168.1 வரிசையிலேயே இருப்பதால் அது கணினியிடம் நேரே கொடுத்துவிடுகிறது. கீழ்த்தளப் பெட்டியின் தீச்சுவர் உரையாடலின் ஒரு பாதியை மட்டுமே காண்கிறது. டிசிபி இணைப்பு தொடங்க மூன்று செய்திகள் பரிமாறப்படவேண்டும். இரண்டாவதைக் காணாத தீச்சுவர், மூன்றாவதை முறையற்றது எனத் தள்ளிவிடக்கூடும்.

இதற்குச் சில வழிகள் உள்ளன. கணினியிலேயே 192.168.2 வரிசைக்கான வழியை 192.168.1.2 என நேரே எழுதலாம். டிஎச்சிபியின் 121ஆம் தெரிவு (2002) மூலம் எல்லாக் கருவிகளுக்கும் இவ்வழியைத் தானாகவே அறிவிக்கலாம். செம்மையான முறை, இரண்டு திசைவிகளையும் கருவிகள் ஏதுமற்ற மூன்றாவது துணைவலை ஒன்றால் இணைப்பதாகும். அதற்குக் கீழ்த்தளப் பெட்டி இடம் தரவேண்டும்.

ஒரே எண்வரிசை

பல திசைவிகள் ஆலையிலிருந்தே 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்ற முகவரியுடன் வருகின்றன. இரண்டும் ஒன்றாக அமைந்துவிட்டால், மாடித் திசைவிக்கு உள்ளும் புறமும் ஒரே துணைவலையாகத் தோன்றும், 192.168.1.20 எந்தப் பக்கம் உள்ளது என அதனால் முடிவு செய்ய இயலாது. சில திசைவிகள் இம்மோதலை உணர்ந்து தம் உள் முகவரியைத் தாமே மாற்றிக்கொள்கின்றன. மற்றவை மௌனமாக நின்றுவிடும். மாடியின் எண்வரிசையைக் கையால் மாற்றுவதே தீர்வு.

கம்பியும் வை-ஃபையும் ஒருசேர இணைந்த மடிக்கணினியிலும் இதற்கு நெருங்கிய சிக்கல் உண்டு. அதற்கு இரண்டு நுழைவாயில்கள் கிடைக்கின்றன. எதன் செலவெண் குறைவோ அதையே இயங்குதளம் தேர்ந்தெடுக்கும். சோதிக்கும்போது ஒன்றைத் துண்டித்துவிடவேண்டும். இல்லாவிடில் சோதனை எந்தப் பாதையைப் பற்றியது என்பதே தெளிவாகாது.

தீச்சுவர்

பாதை முழுவதும் சரியாக இருந்தும் சேரிடக் கணினி பதில் தர மறுக்கலாம். விண்டோசின் தீச்சுவரில் கோப்புப் பகிர்வுக்கான விதிகள் வீட்டு வலையில் தம் துணைவலைக்கு மட்டுமே இசைவு தரும் வகையில் அமைந்துள்ளன. அதே துணைவலையிலிருந்து வரும் பிங்குக்குப் பதில் தரும் கணினி, அடுத்த துணைவலையிலிருந்து வருவதைப் பொருட்படுத்தாது. வழிப்படுத்தல் பழுது என்று நாள்முழுவதும் தேடப்படும் பலவற்றின் விடை இதுவே. விதியின் எல்லையில் 192.168.2.0/24 என்ற வரிசையைச் சேர்த்தால் போதும். தீச்சுவரை முழுமையாக அணைப்பது சோதனைக்காகச் சில நிமிடங்களுக்கு மட்டுமே தகும்.

சிறு கணினி ஒன்றில் லினக்சை நிறுவி அதையே திசைவியாக்குவோர் மற்றொன்றை நினைவிற்கொள்ளவேண்டும். இரண்டு வலைமுகங்கள் இருப்பதனால் மட்டும் ஒரு கணினி பொதிகளைக் கடத்தாது. லினக்சில் ஐபி ஃபார்வேர்ட் என்ற அமைவு இயல்பாகச் சுழியமாக உள்ளது. அதை 1 ஆக்கவேண்டும்.

மின்தடைக்குப்பின் தோன்றும் பழுது

நன்றாக இயங்கிய வலை ஒரு மின்தடைக்குப்பின் நின்றுபோவது ஊரகங்களில் நன்கு அறியப்பட்டது. கீழ்த்தளப் பெட்டி மின்மாற்றி இணைப்பிலும் மாடித் திசைவி நேர் மின்சாரத்திலும் இருந்தால், அவை எழும் வரிசை ஒவ்வொரு முறையும் மாறும். மாடித் திசைவியின் வெளி முகவரி டிஎச்சிபி வழி வந்ததாக இருப்பின், 192.168.1.2க்குப் பதிலாக வேறொன்று கிடைக்கக்கூடும். நிலைவழியோ பழைய முகவரியையே சுட்டிக்கொண்டிருக்கும். அம்முகவரியை வேறொரு கருவி பெற்றிருந்தால் பொதிகள் அக்கருவிக்குப் போய் வீணாகும். ஆகையால் அடுத்த படியாக எழுதப்படும் எந்த முகவரியையும் நிலையாக இடுவதோ, கீழ்த்தளப் பெட்டியில் அதன் மேக் எண்ணுக்கு ஒதுக்கிவைப்பதோ தேவை. அமைப்பு எதையேனும் மாற்றியபின் இரண்டு பெட்டிகளையும் ஒருமுறை அணைத்து இயக்கிப் பார்ப்பது, பழுது பின்னர் கடை நேரத்தில் தலைகாட்டாமல் தடுக்கும்.

கம்பியில்லா இணைப்பால் பாலம் அமைத்தல்

இரு கட்டடங்களுக்கு இடையே கம்பி இழுக்க முடியாதபோது, ஒரு திசைவியை வை-ஃபை வாடிக்கையாளராக வைத்து அதன் கம்பித் துளைகளில் கருவிகளை இணைக்க முயல்வதுண்டு. ஈதர்நெட்டில் எளிதாக அமையும் பாலம் இங்கு அமையாது. வை-ஃபை வாடிக்கையாளர் வழக்கமாக அனுப்பும் சட்டகத்தில் மூன்று முகவரிகளுக்கே இடம் உண்டு. தனக்குப் பின்னாலுள்ள கருவியின் மேக் எண்ணைத் தனியே எழுத அதில் இடமில்லை. அணுக்கப் புள்ளியும் தன்னிடம் பதிந்த எண்ணுடன் வரும் சட்டகங்களை மட்டுமே ஏற்கும். நான்கு முகவரிகள் கொண்ட சட்டகத்தை இரு முனைகளும் ஆதரித்தால் பாலம் அமையும். இல்லையெனில் தனித் துணைவலை அமைத்து வழிப்படுத்துவதைத் தவிர வேறு நேர்வழி இல்லை. கம்பித் துணைவலையும் கம்பியில்லாத் துணைவலையும் பிரிவது இங்கு விருப்பத்தால் அன்று, தேவையால்.

தானே கண்டறியும் கருவிகள்

அச்சுப்பொறியை பிங் செய்ய முடிகிறது. ஆனால் கைப்பேசியின் பட்டியலில் அது தோன்றவில்லை எனில் வழிப்படுத்தல் குற்றமற்றது. கைப்பேசிகள் அச்சுப்பொறியையும் தொலைக்காட்சியையும் எம்டிஎன்எஸ் என்ற நெறிமுறையால் தேடுகின்றன. அக்கேள்விகள் 224.0.0.251 என்ற குழு முகவரிக்குச் செல்பவை. அவை ஒரு துணைவலையைத் தாண்டாதவாறு வகுக்கப்பட்டவை. எந்த நிலைவழியும் இதை மாற்றாது. அச்சுப்பொறியின் முகவரியைக் கையால் எழுதிச் சேர்க்கலாம். அல்லது இக்கேள்விகளை இரு பக்கமும் எதிரொலிக்கும் நிரலைத் திசைவியில் நிறுவலாம்.

தேனி எடுத்துக்காட்டு

கம்பிவழி, கம்பியில்லாத் துணைவலைகள் கலந்த அமைப்பின் பழுதுகள் தமிழ்நாட்டில் நன்கு ஆவணப்படுத்தப்பட்ட இடம் தேனி. அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனிக் கிளையையும் சுற்றுவட்டாரக் கண் மையங்களையும் திசைக்கூர்மை கொண்ட வானலை வாங்கிகள் மூலம் நெடுந்தொலைவு வை-ஃபையால் இணைக்கும் பணியில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வுக் குழு 2000களின் நடுப்பகுதியில் ஈடுபட்டது. ஊரிலுள்ள நோயாளியை மருத்துவர் காணொளி வழியே பார்த்துப் பேசுவதே நோக்கம். வலை நின்றால் நோயாளியின் பயணம் வீணாகும். ஒரு நாள் கூலியும் போகும்.

வேகத்தைக் கூட்டும் ஆய்வு 2007இல் வெளியானது. பழுதுகளைப் பற்றிய ஆய்வு அடுத்த ஆண்டு வந்தது. பொதுப் படிப்பினருக்கு அதுவே கூடுதல் பயனுள்ளது. ஊரக மின்சாரத்தின் ஏற்ற இறக்கங்கள் திசைவிப் பலகைகளைப் பழுதாக்கியதையும், குறைந்த மின்னழுத்தத்தில் அவை உறைந்து நின்றதையும் அது விவரித்தது. வழிப்படுத்தல் தவறாக அமைந்த தொலைதூரத் திசைவியைச் சரிசெய்யும் வழியையும் அது பேசியது: அதற்கு அடுத்துள்ள திசைவியில் நுழைந்து, வழிப்பட்டியலைச் சாராத இணைப்புநிலை முகவரி மூலம் அதைத் தொடுவது. ஒரே கம்பியின் அல்லது ஒரே அலையிணைப்பின் இரு முனைகள், வழிப்பட்டியல் எவ்வளவு குலைந்திருந்தாலும், இம்முகவரிகளால் பேசிக்கொள்ளும்.

வீட்டிலும் இதே உத்தி பயன்படும். நிலைவழியைத் தவறாக எழுதியதால் மாடித் திசைவியின் அமைவுப் பக்கம் திறக்காவிட்டால், அதை ஆலை நிலைக்கு மீட்டமைக்கும் பொத்தானை அழுத்துமுன், மடிக்கணினியை அதன் லான் துளையில் கம்பியால் நேரே இணைத்து அதே துணைவலையில் ஒரு முகவரியைக் கையால் இட்டுப் பார்க்கலாம். இதற்கு எந்த வழிப்படுத்தலும் தேவையில்லை.

ஐபி ஆறாம் பதிப்பு

ஆறாம் பதிப்பில் முகவரித் தட்டுப்பாடு இல்லை. முகவரி மாற்றமும் பொதுவாகத் தேவையில்லை. ஒவ்வொரு துணைவலைக்கும் /64 அளவுள்ள தனி வரிசை வேண்டும். சேவை வழங்குநர் வீட்டுக்கு ஒரே ஒரு /64 வரிசையைத் தந்தால், அதைக் கீழ்த்தளப் பெட்டி தனக்கு வைத்துக்கொள்ளும். மாடித் துணைவலைக்குப் பங்கு கிடைக்காது. மாடியில் நான்காம் பதிப்பு மட்டும் இயங்கும். இதை வழிப்பட்டியலைத் திருத்திச் சரிசெய்ய இயலாது. பெரிய வரிசையைக் கேட்டுப் பெறுவது அல்லது துணைவலையை ஒன்றாக்குவது என்பவையே வழிகள்.

பாதுகாப்பு

பழுதை விரைந்து நீக்கும் அவசரத்தில், எல்லா வெளித்தொடர்புகளையும் ஒரே கருவிக்குத் திருப்பிவிடும் டிஎம்இசட் என்ற அமைவைச் சிலர் இயக்கிவிடுகின்றனர். கேமரா பதிவுப்பெட்டியைக் கைப்பேசியில் பார்க்கவேண்டும் என்பதே பெரும்பாலும் காரணம். ஆலைக் கடவுச்சொல் மாற்றப்படாத இத்தகைய பெட்டிகளையும் கேமராக்களையும் தேடிப் பிடித்தே 2016இல் மிராய் என்ற தீநிரல் பரவியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று டின் என்ற பெயர்ச்சேவை நிறுவனத்தின்மீது அதனால் நடத்தப்பட்ட தாக்குதலில் உலகின் பெரும் இணையத்தளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கின.

கேமராக்களைத் தனித் துணைவலையில் வைத்து, அங்கிருந்து மற்ற துணைவலைகளுக்குத் தொடர்பு தொடங்க முடியாதவாறு தீச்சுவர் விதி இடுவது நன்று. மறுதிசையில் வீட்டாரின் கைப்பேசிகளிலிருந்து பதிவுப்பெட்டிக்கான இசைவை மட்டும் தரவேண்டும். அவ்வாறு அமைத்த வீட்டில் கேமராவிலிருந்து கணினிக்கு பிங் செல்லாதிருப்பது பழுதாகாது. அடுத்து வந்து பார்ப்பவர் அதைப் பழுதெனக் கருதித் திருத்திவிடாமலிருக்க, துணைவலைகளின் எண்வரிசை, நிலைவழிகள், இட்ட விதிகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதித் திசைவியின் அருகிலேயே ஒட்டிவைக்கும் பழக்கம் சில நிறுவுநர்களிடம் உள்ளது. கடவுச்சொல்லை மட்டும் அத்தாளில் எழுதுவதில்லை.